வலையில் சிக்கினா ஆத்துல திரும்ப விடாதீங்க! விரால், கெளுத்திக்கு எமனாகும் 'டேங்க் கிளீனர்' மீன்

குன்றத்தூர்:

செம்பரம்பாக்கம் ஏரியில் உபரி நீர் திறந்துட்டாங்க என்று சேதி வந்தாலே போதும். குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை பக்கத்து ஜனங்கள் தூண்டிலும் வீச்சு வலையுமாகக் கால்வாய்க்குக் கிளம்பி விடுவார்கள். வேலை இல்லாத மழை நாளில் குழம்புக்கும் ஆச்சு, மிச்சத்தை விற்றால் கைச்செலவுக்கும் ஆச்சு.

ஆனால் சென்னையைச் சுற்றியுள்ள ஏரி, கால்வாய்களில் வலை வீசுகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு புது தலைவலி. உடம்பெல்லாம் கருப்பு முள் ஓடு, வயிற்றுப் பக்கம் உறிஞ்சுகிற வாய். கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் சொல்லி விற்கிற மீன்தான் அது. சிக்கினால் எரிச்சலோடு மறுபடியும் தண்ணீரிலேயே தூக்கி எறிகிறார்கள் பலர். அங்கேதான் தப்பு நடக்கிறது.

மழைத் தண்ணியில் ஏன் மீன் அதிகம்?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3 ஆயிரத்து 645 மில்லியன் கன அடி. வடகிழக்கு பருவமழையில் ஏரி நிரம்பும்போது மதகு வழியாக உபரி நீர் கால்வாயில் இறங்கி அடையாற்றுக்குப் போகிறது. தண்ணீரோடு ஏரி மீனும் சேர்ந்து வெளியே வரும். இன்னொரு பக்கம், புதுத் தண்ணீர் வந்ததும் முட்டையிடுவதற்காக சில மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். வருவதும் போவதும் ஒரே இடத்தில் சேர்வதால்தான் வலைக்கு இத்தனை மீன்.

மண்புழு கோர்த்தால் கெளுத்தி, மாவு உருண்டைக்குக் கெண்டை, சின்னத் தவளையைக் கோர்த்தால் விரால் என்பது தூண்டில்காரர்கள் கணக்கு. ஜிலேபிக்கு எது போட்டாலும் சரி. அந்த ஜிலேபியே வெளிநாட்டு மீன்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அதை 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நாட்டு மீனின் இடத்தை அது பிடித்துக்கொண்டாலும் ஏழை வீட்டுச் சட்டியை நிரப்புகிறது. டேங்க் கிளீனரோ சட்டிக்கும் உதவுவதில்லை, சந்தையிலும் விலை போவதில்லை.

தொட்டியிலிருந்து ஆற்றுக்கு...

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. கண்ணாடித் தொட்டியில் படியும் பாசியைத் தின்னும் என்று விரல் நீளக் குஞ்சை வாங்கி விடுகிறார்கள். அது ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிடும். தொட்டி பத்தாமல் போனதும், 'பாவம், உயிரோடு போகட்டும்' என்று பக்கத்து ஏரியிலோ கால்வாயிலோ விட்டு விடுகிறார்கள். மழை வெள்ளம் வரும்போது ஒரு ஏரியில் விட்டது அடுத்த ஏரிக்குப் போகிறது.

முதலைத் தோல் மாதிரி ஓடு இருப்பதால் நம் ஊர் விராலோ கொக்கோ பெரிதாக வளர்ந்த மீனைத் தின்ன முடியாது. சாக்கடை கலந்து காற்று குறைந்த தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும்.

மூன்று வித நஷ்டம்

முதலாவது, சாப்பாட்டுப் போட்டி. அடியில் உள்ள பாசியையும் வண்டலையும் வழித்துத் தின்பதால் நாட்டு மீன் குஞ்சுகளுக்கு இரை குறைகிறது. மற்ற மீன்களின் முட்டையும் அதோடு சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது, வலை. முதுகிலும் பக்கத்திலும் இருக்கிற முள் வலைக் கண்ணில் மாட்டினால் லேசில் வராது. வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் வருமானம் வலை பின்னவே போய்விடும்.

மூன்றாவது, கரை. இந்த மீன் கரை மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். வளை கூடக் கூட மண் தளர்ந்து கரை சரியும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்தபோது அடையாற்றங்கரை பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. கரை பலமாக இருக்க வேண்டிய ஊர் இது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ நாட்டின் இன்ஃபியர்னியோ அணை ஒரு பாடம். ஜிலேபி மீன்பிடிப்புக்குப் பெயர்போன அந்த அணையில் 2000-க்குப் பிறகு இந்த மீன் பெருகி, வலை நிறைய இதுவே வரத் தொடங்கியது. மீனவர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன.

இது விஷ மீனா?

இல்லை. தென் அமெரிக்காவில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஓடு போனால் கறி கொஞ்சம்தான். ஆனால் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் இடத்தில் பிடித்தால், இது மட்டுமல்ல, எந்த மீனையும் சாப்பிடாமல் இருப்பதே நல்லது.

என்ன செய்யணும்?

* வலையில் வந்தால் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள். கரையில் சும்மா போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பல மணி நேரம் உயிரோடு கிடந்து, நெளிந்து நெளிந்து தண்ணீருக்கே போய்விடும். தலையில் அடித்துக் கொன்று, கரையை விட்டுத் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்து விடுங்கள்.

* வீட்டுத் தொட்டி மீன் வேண்டாம் என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பாவம் பார்த்து ஏரியில் விடுவதுதான் பெரிய பாவம்.

* செம்பழுப்பு நிறத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாகத் தெரிந்தால் அங்கே தூண்டில் போடாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அதைப் பிடித்தால் மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரைதான்.

* கொசுவலையை வைத்து அரிக்காதீர்கள். அடுத்த வருஷத்து மீன் அதிலேயே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேல் உயிர் முக்கியம். மதகில் திறக்கும் தண்ணீரை எந்த நேரமும் கூட்டுவார்கள். முழங்கால் அளவு இருந்த இடம் கொஞ்ச நேரத்தில் கழுத்தளவு ஆகிவிடும். கால்வாய்க்குள் இறங்காமல் கரையில் நின்றே தூண்டில் போடுங்கள். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.