செட்டிபாளையம் வழியாக ஜாஸ்

ஹிஞ்சேவாடியில் ஜாஸ் எங்கே கேட்கலாம் என்று யாராவது விசாரித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். இன்ஃபோடெக் பார்க்கின் மூன்று ஃபேஸ்களிலும் கண்ணாடிக் கட்டடங்கள் உண்டு, வடாபாவ் வண்டிகள் உண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வாகட் பாலம் வரை அசையாமல் நிற்கும் கார்கள் உண்டு. சாக்ஸஃபோன் மட்டும் கிடையாது. ஆனால் இந்த ஊருக்கு ஒரு சௌகரியம்: மும்பை எக்ஸ்பிரஸ்வே வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி. சனிக்கிழமை காலை வாகடில் பஸ் ஏறினால், மதியம் எங்காவது ஒரு ஈரானி கடையில் பன் மஸ்கா சாப்பிட்டுவிட்டு, நரிமன் பாயின்ட் என்.சி.பி.ஏ. அரங்கில் சாயங்காலக் கச்சேரிக்கு உட்கார்ந்துவிடலாம். இரண்டாவது ஃபேஸில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கும் எனக்கு ஜாஸ் அப்படித்தான் கிடைக்கிறது. மீதி நாட்களுக்கு ரெக்கார்டு பிளேயர்.

என் அலமாரிக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். உலகத்து ஜாஸ் ரெக்கார்டுகளையெல்லாம் வாங்க எனக்குக் காசும் இல்லை, இரண்டு படுக்கையறை வீட்டில் இடமும் இல்லை. அதனால் உள்ளே வரும் ரெக்கார்டில் எங்காவது ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பு இருக்கவேண்டும். ஆள், தாளம், ஊர், எதுவானாலும் சரி. கேட்பவர்கள், "அப்படிப் பார்த்தால் பத்து ரெக்கார்டு தேறுமா?" என்பார்கள். இப்போது அலமாரியில் இடமில்லை, கட்டிலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது.

புனேயின் ஜூனா பஜார் புதன், ஞாயிறுகளில் கூடும். பழைய பூட்டு, மிக்ஸி மோட்டார், பித்தளைச் சாமான் நடுவே ரெக்கார்டுகளும் தரையில் கிடக்கும். அங்கே ஒருவர் பஜனை, அபங் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்திருந்த வரிசையில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு முதுகு தெரிந்தது. ஜாஸ் பைத்தியங்களுக்கு அந்த இரண்டு நிறம் போதும். இம்பல்ஸ் கம்பெனியின் அடையாளம் அது. உருவிப் பார்த்தால் ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தலைப்பில் சச்சிதானந்தா என்று இருந்ததால் கடைக்காரர் அதைப் பக்தி வரிசையில் சேர்த்திருக்கிறார். "பஜன் ஆஹே, தாயி," என்று எனக்கு உறுதியும் கொடுத்தார். அமெரிக்க ரெக்கார்டு புனே தரைக்கு எப்படி வந்தது? கோரேகாவ் பார்க் ஓஷோ ஆசிரமத்துக்கு வந்துபோன யாரோ விட்டுப்போனதாக இருக்கலாம் என்பது என் ஊகம். பஜனை விலைதான் கொடுத்தேன்.

அந்தச் சச்சிதானந்தா யார் தெரியுமா? கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்தவர். ரிஷிகேஷ் சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, 1966-ல் நியூயார்க் போய், 1969-ல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடக்கி வைத்தவர். நான் போத்தனூர்க்காரி, செட்டிபாளையம் எங்களுக்குப் பக்கத்து ஊர். சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் 1967-ல் இறந்த பிறகு துயரத்தில் இருந்த அவர் மனைவி ஆலிஸ் இந்தச் சுவாமியிடம் வந்தார். 1970 நவம்பரில் லாங் ஐலண்டில் தன் வீட்டு ஸ்டுடியோவில் அவர் பெயரிலேயே இந்த இசையைப் பதிவு செய்தார். அடுத்த மாதம் சுவாமியோடு இந்தியாவுக்குக் கிளம்பினார்.

ரெக்கார்டைப் போட்டதும் முதலில் தம்பூரா. பிறகு செசில் மக்பீயின் பாஸ், ஒரே சிறு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. அதன்மேல் ஆலிஸின் ஹார்ப் சிதறி விழுகிறது. அப்புறம்தான் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன், அவசரமே இல்லாமல் உள்ளே வருகிறது. கீழ்வீட்டு ஆஜோபா (மராத்தியில் தாத்தா) ஒவ்வொரு டிசம்பரும் சவாய் கந்தர்வா இசை விழாவுக்கு மடக்கு நாற்காலியோடு போகிறவர். சத்தம் அதிகம் என்று சொல்லத்தான் மேலே வந்திருப்பார் என்று நினைத்தேன். "யார் இது, ஸ்வரமண்டல் இவ்வளவு பெரிதாக?" என்று கேட்டுவிட்டு, ரெக்கார்டின் அந்தப் பக்கம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பக்கத்துக் கடைசி உருப்படி வேறு இடம், வேறு இரவு: 1970 ஜூலையில் நியூயார்க்கின் வில்லேஜ் கேட் கிளப்பில் நேரடியாகப் பதிவானது. அறையின் காற்றே மாறிவிடுவது காதில் தெரியும்.

கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு ஜாஸ் அவ்வளவு தூரம் கிடையாது. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு மெட்டின் நீளமும் அதன் அடியில் ஓடும் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையும் அப்படியே சுழன்றுகொண்டிருக்க, ஒவ்வொருவராக அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு கோரஸ் என்று பெயர். ப்ளூஸ் என்றால் 12 பார் (நம் ஆவர்த்தனம் போன்ற தாள அளவு), பழைய நாடக, சினிமாப் பாட்டு என்றால் பெரும்பாலும் 32. கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள், நிரவலும் ஸ்வரமும் முடிந்து பல்லவிக்கு வருகிற மாதிரி. நம் மனோதர்மத்துக்கு ராகம் எல்லை. அவர்களுக்கு மாறிக்கொண்டே இருக்கும் கார்டுகள் எல்லை. புதிதாகக் கேட்பவருக்குத் தலை சுற்றுவது அங்கேதான். தப்பிக்க ஒரு வழி: சாக்ஸஃபோனை விட்டுவிட்டு பாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்று எங்கே தொடங்குகிறது என்று அது சொல்லிவிடும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பாஸே காதில் விழாது. பலர் ஜாஸ் பிடிக்கவில்லை என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் அந்த ஸ்பீக்கர் என்பது என் கட்சி.

தாளத்தில் நமக்கு இன்னும் வசதி. டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' 1959-ல் வந்தபோது ஐந்து எண்ணிக்கை அமெரிக்கர்களுக்குப் புதுமை. கண்ட சாபுவுக்குத் தட்டிப் பழகியவர்களுக்கு அது பழைய சிநேகிதம். நாம் இரண்டும் மூன்றுமாகப் பிரிப்பதை அவர்கள் மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கிறார்கள், அவ்வளவே. அதற்கு முந்தைய வருடம் அமெரிக்க அரசு அனுப்பிய சுற்றுப்பயணத்தில் புரூபெக் குழு சென்னைக்கும் வந்தது. இடதுகை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையை அங்கே சந்தித்தார்கள். அந்தப் பயணத்தின் விளைவாக வந்த 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா' ஆல்பத்தில் 'கல்கட்டா ப்ளூஸ்' என்று ஓர் உருப்படி. அதில் டிரம்மர் ஜோ மொரெல்லோ குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் வாசிக்கிறார். பெயர் கல்கத்தாவாக இருக்கட்டும்; அந்தக் கைக்குள் பழனி இருக்கிறார் என்று சொல்லித்தான் அதை அலமாரியில் சேர்த்தேன். சட்டம் போட்டவளுக்கு வளைக்கவும் உரிமை உண்டு.

நேரில் கேட்பது தனி. 2023 ஜனவரியில், ஜாஸையும் நம் இசையையும் கலக்கும் 'சக்தி' குழு ஐம்பதாவது ஆண்டுச் சுற்றை இந்தியாவில் தொடங்கியபோது மும்பை போயிருந்தேன். கிதார் வாசிக்கும் ஜான் மெக்லாக்லினுக்கு வயது 81. ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலினில் கணேஷ் ராஜகோபாலன். தாள வாத்தியக்காரர்கள் இருவரும் மாறி மாறி வாசித்து, எண்ணிக்கையைப் பாதியாக, அதில் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நமக்கு அது குறைப்பு. ஜாஸில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: தலைக்கு நான்கு பார் என்று டிரம்மரும் மற்றவர்களும் மாற்றிக்கொள்வார்கள். ரெக்கார்டில் கேட்டால் இரண்டும் கணக்கு. நேரில் பார்த்தால்தான் ஒருவர் மற்றவர் கையைப் பார்ப்பதும், எதிர்பாராத இடத்தில் முடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவதும் தெரியும். எனக்குப் பின்வரிசையில் ஒரு மாமி சத்தமாகவே தாளம் போட்டார். பக்கத்தில் இருந்தவர் உஷ்ஷென்று அதட்ட, அவர் கவலைப்படவே இல்லை. ஜாஸ் கிளப்பில் அவருக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். ஒவ்வொருவர் தனி வாசிப்பும் முடிந்த உடனே, பாட்டு முடியக் காத்திராமல் கைதட்டுவதுதான் அங்கே மரியாதை.

அதே சக்தியின் முதல் ஆல்பமும் மேடைப் பதிவுதான்: 1975 ஜூலை 5, லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரி. எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ராமநாதபுரம் ராகவன் மிருதங்கம், ஜாகிர் தபலா. மெக்லாக்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்த அதே ராமநாதன். கமகம் வேண்டுமென்று, கட்டைகளுக்கு நடுவே குழி தோண்டிய கிதார் ஒன்றை மெக்லாக்லின் செய்துகொண்டார், தந்தியை வீணைபோல அழுத்தி வளைக்க. என் அலமாரியின் நடு இடம் இந்த ஆல்பத்துக்கு.

மேடைப் பதிவு என்று அட்டையில் போட்டிருந்தாலே நம்பிவிடக்கூடாது என்பதற்கு ஒரு கதை சொல்லவேண்டும். 1956 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா. டியூக் எலிங்டன் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்த பால் கோன்ஸால்வெஸ் (பெயர்தான் கோவாக்காரர் மாதிரி, ஆள் அமெரிக்கர்) 12 பார் ப்ளூஸ் ஒன்றில் எழுந்து 27 சுற்று வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. எலிங்டனின் மார்க்கெட் அன்று இரவோடு மேலே ஏறியது. ஆனால் கோன்ஸால்வெஸ் நின்றது வேறு மைக் முன்னால். அது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக். கொலம்பியா கம்பெனியின் டேப்பில் அவர் எங்கோ தூரத்தில் கேட்கிறார். போதாததற்கு, அன்றைய வேறு சில உருப்படிகளை ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்க வைத்து, கைதட்டலைத் தனியாகச் சேர்த்துத்தான் ஆல்பம் வெளியிட்டார்கள். வானொலியின் டேப் பிற்பாடு கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பொருத்தி 1999-ல் புதிதாக வெளியிட்டபோதுதான் அந்த 27 சுற்றும் முன்னுக்கு வந்தன. ஒரே இரவை இரண்டு முறை வாங்குவது வீண்செலவு என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. எலிங்டன் குழு பிறகு சென்னைக்கு வந்தது, அதனால் சட்டமும் இடம் கொடுத்தது.

சேகரிப்பில் பாதி நேரம் துடைப்பதில் போகிறது. சஹ்யாத்ரி அடிவாரத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை எதுவும் காய்வதில்லை. அட்டையில் பூஞ்சை பூத்துவிடும். எல்.பி.க்கு வடிகட்டிய நீரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். பழைய 78 வேக ரெக்கார்டில் அதைத் தொடவே கூடாது. அது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். அந்த அரக்கும் பெருமளவு நம் நாட்டிலிருந்து போனதுதான், பூச்சி சுரக்கும் பிசின். எந்த ரெக்கார்டும் சாய்த்து வைத்தால் வளையும், வெயிலில் வைத்தால் சுருளும். ஒருமுறை கூரியர்காரர் ஒருவர் பார்சலை மே மாத மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்தது அப்பளம் ஆகியிருந்தது.

அலமாரியில் இருக்கும் மற்ற ரெக்கார்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'டூயட்' படத்தில் சாக்ஸஃபோன் வாசித்த கத்ரி கோபால்நாத், அமெரிக்க சாக்ஸஃபோன்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து செய்த 'கின்ஸ்மென்' 2008-ல் வந்தது. கத்ரியின் குரு டி.வி. கோபாலகிருஷ்ணன் சென்னைக்காரராகிவிட்டவர், அதனால் செல்லும். அமெரிக்காவுக்குக் குடிபோன தமிழர்களின் பிள்ளை விஜய் ஐயர். அவருடைய 'ஹிஸ்டாரிசிட்டி' 2009. அதில் ஈழத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ.வின் 'கலாங்' பாட்டைப் பியானோ, பாஸ், டிரம்ஸ் மட்டும் வைத்து வாசிக்கிறார். இதற்குச் சட்டத்தை வளைக்கவே தேவையில்லை.

இன்னும் கைக்கு வராதது ஒன்று. 1963-ல் எலிங்டன் குழு இந்தியாவைச் சுற்றியது. அந்தப் பட்டியலில் சென்னை உண்டு. அந்தப் பயணத்தின் நினைவில் பிறகு எழுதிய 'ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்' ஆல்பத்தில் ஆக்ராவுக்கு ஓர் உருப்படி, டெல்லி மைனாவுக்கு ஓர் உருப்படி. சென்னைக்கு எதுவும் இல்லை. அதனால் நிகழ்ச்சி நிரல் தாளோ, கிழித்த டிக்கெட்டோ, மேடையை எடுத்த மங்கலான போட்டோவோ கிடைத்தால் போதும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் தாத்தா அந்தக் காலத்தில் கோட்டு போட்டுக்கொண்டு ஆங்கிலக் கச்சேரிக்குப் போகிறவராக இருந்தால், அவர் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் அடிவரை ஒருமுறை துழாவிப் பாருங்கள்.