உப்புக் காற்றும் சரக்கு வண்டியும்

வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்குமிடத்தை அடுத்துள்ள கீழவைப்பார், கடலை நம்பி வாழும் ஊராகும். கரைக்கு வந்த மீன் சந்தையை அடையச் சிறு சரக்கு வண்டிகள் இன்றியமையாதன. கடன் பெற்று வண்டி வாங்கிய குடும்பத்திற்கு அதுவே முதல், அதுவே தொழில். தவணை முடியுமுன் தகடு அரித்து ஓட்டை விழுமாயின், உழைத்து ஈட்டிய பணம் பட்டறைக்கே போய்ச் சேரும். இந்நட்டத்தைப் பெரும்பாலும் நாமே தவிர்த்துக்கொள்ளலாம்.

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆகிய மூன்றும் கூடினால் துரு தோன்றும். நீரில் உப்புக் கலந்திருந்தால் அரிப்பு விரைவுபடும். அன்றியும், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால் உப்பு தானே கசிந்து நீராகும். கடலுப்பிலுள்ள மக்னீசியக் குளோரைடு அதனினும் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்க்கும். ஆதலின், மழையற்ற நாளிலும் உப்புப் படிந்த தகடு நனைந்தே இருக்கிறது.

கடற்காற்று வெளியே படிகிறது. மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகும் பனிக்கட்டி நீரோ உள்ளே புகுகிறது. தளத்தின் இடுக்கு, கதவின் அடிமடிப்பு, மட்கார்டின் உட்புறம் ஆகிய இடங்களில் அது தங்கி அரிக்கத் தொடங்குகிறது. துரு இரும்பைவிட மிகுதியான இடம் கொள்வதால் பெயிண்டை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே அரிப்பு முற்றியிருக்கக்கூடும். எனவே, கண்ணுக்குத் தெரியாத பகுதிகளையே முதலில் காத்தல் வேண்டும்.

செய்யவேண்டியவை எளியன. ஒவ்வொரு நாளும் சரக்கு இறக்கியதும் தளத்தையும் அடிப்பாகத்தையும் நன்னீரால் கழுவவேண்டும். உவர்க்கிணற்று நீர் உப்பையே மீண்டும் சேர்க்கும்; அது ஆகாது. நீர் அரிதாயின், மேற்புறப் பளபளப்பை விடுத்து, இருக்கும் இரண்டு வாளி நீரை இடுக்குகளுக்கும் அடிப்பாகத்திற்கும் செலவிடுவதே அறிவுடைமை. தளத்தில் விரித்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காயவிடுக. கதவின் அடியிலுள்ள வடிதுளைகளை மணல் அடைக்காமல் குச்சியால் திறந்துவிடுக. ஈரவண்டியைத் தார்ப்பாயால் மூடலாகாது.

பெயிண்ட் உரிந்த இடத்தை அன்றே கவனித்தல் நலம். உப்பை நன்னீரால் கழுவி உலர்த்தி, துருவை உப்புத்தாளால் பளிச்சென்ற இரும்பு தெரியுமளவும் தேய்த்து, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சிட்டு, அதன்மேல் பெயிண்ட் பூசவேண்டும். துத்தநாகம் தான் முன்னதாக அரிந்து இரும்பைக் காக்கும் இயல்புடையது. துருவின்மேல் பட்டி பூசி மறைப்பது நோயை மூடி வளர்ப்பதாகும். உட்புறங்களுக்குத் துருத்தடுப்பு மெழுகு பீய்ச்சலாம்; பிரேக்கிலும் புகைக்குழாயிலும் அது படுதல் கூடாது.

பாம்பன் இரயில் பாலம் இதற்குச் சான்று. 1914-இல் திறக்கப்பெற்ற அவ்விரும்புப் பாலம், கடலின் நடுவே நின்று 2022 வரை இரயில்களைத் தாங்கியது. இடையறாத பராமரிப்பின்றி அஃது இயன்றிராது.

கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, மீன் இறங்கும் இடத்தருகே கழுவுமிடம் ஒன்றை ஊராட்சியும் மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அமைக்குமாயின் எல்லா வண்டிகளுக்கும் பயன்படும். வல்லத்தைக் கரையேற்றிக் காயவைத்துப் பழுது பார்ப்பது நம் கடற்கரை மக்களுக்குப் புதிதன்று. அதே கருத்தை வண்டியின்பாலும் செலுத்துவோமாக.