இருபத்தைந்து லிட்டருக்குக் கீழே

பருப்பு வேகவைக்கும் 5 லிட்டர் குக்கரைக்கூட ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசு ஆணை போட்டது. ஆனால் ஒருவர் வீட்டுக் கொல்லையில் 20 லிட்டர் பாய்லர் செய்து, சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் நீராவி ஏற்றி, பின்னால் பிள்ளைகளை உட்கார வைத்து ரயில் ஓட்டினால், அந்தப் பாய்லரைச் சோதிக்கும் கடமை பாய்லர் சட்டப்படி எந்த ஆய்வாளருக்கும் இல்லை. காரைக்கால் பக்கத்துப் போலகத்திலும் இல்லை, டெல்லியிலும் இல்லை.

காரைக்கால் பக்கம் நீராவி ரயில் மேல் ஆசை இருப்பது இயல்பு. பேரளத்திலிருந்து 1898-ல் இங்கு வந்த மீட்டர்கேஜ் பாதை 1987-ல்தான் நின்றது. கரி எஞ்சின் ஊதல் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்காக 2021-ல்கூடப் புதிதாக ஒரு நிலக்கரி எஞ்சின் கட்டியது. லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த ஒருவருக்கு, ஆள் ஏறி ஓட்டும் அளவில் ஒரு சின்ன எஞ்சின் செய்யத் தோன்றினால் அதை நான் மனதார மதிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். சக்கரத்தில் தவறினால் வண்டி நிற்கும், பிஸ்டனில் தவறினால் இழுவை குறையும், பாய்லரில் தவறினால் உயிர் போகும்.

சட்டம் எங்கே தொடங்குகிறது? 1923-ன் பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. பழைய சட்டத்தின் அளவுகோல்கள் அதிலும் தொடர்கின்றன. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு, அல்லது 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தம் என்றால் சட்டம் பொருந்தாது. தண்ணீர் உள்ளே நுழையும் வால்விலிருந்து நீராவி வெளியேறும் பிரதான வால்வு வரைக்கும் அளந்து இந்த 25 லிட்டரைக் கணக்கிட வேண்டும். 5 அங்குல இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினின் பாய்லர் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடும். ஏழேகால் அங்குலத்துக்குப் போனால் கதை வேறு. ஓரடி விட்டமும் மூன்றடி நீளமும் உள்ள உருளையே 66 லிட்டர் பிடிக்கும். உள்ளே போகும் குழாய்களின் இடத்தைக் கழித்தாலும் கோட்டைத் தாண்டிவிடும். தாண்டியபின் வரைபட ஒப்புதல், தகுதி பெற்ற வெல்டர், பதிவு, குறித்த காலத்துக்குள் புதுப்பிக்கும் சான்றிதழ் எல்லாம் கட்டாயம். பதிவில்லாமல் ஓட்டினால் தண்டனை உண்டு. ரயில்வேயின் சொந்த எஞ்சின்களுக்கு விலக்கு உண்டு. நம் கொல்லை எஞ்சின் அந்த விலக்கைக் கேட்க முடியாது.

7 கிலோ அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பநிலை சுமார் 170 டிகிரி செல்சியஸ். தகடு கிழிந்தால் அழுத்தம் சட்டென விழும். 30 லிட்டர் இருந்தால் அதில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் கண நேரத்தில் ஆவியாகி, சுமார் 6,000 லிட்டர் இடத்தைப் பிடிக்கப் பாயும். 2001 ஜூலை 29 அன்று அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் மெடினா ஊர்க் கண்காட்சியில் ஒரு பழைய நீராவி டிராக்டர் வெடித்து 5 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் அனுபவமுள்ள ஆர்வலர். உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கி, அடுப்பின் மேல்தகடு காய்ந்துபோயிருந்தது. தகடும் துருவேறி மெலிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாநிலம் பழைய நீராவி எஞ்சின்களுக்கும் ஆய்வைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் அப்படித்தான் நடந்தது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்ட பிறகே பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது.

ஆகவே 25 லிட்டருக்குக் கீழே உள்ளவர் தனக்குத்தானே ஆய்வாளராக இருக்க வேண்டும். முதல் வேலை தண்ணீர்ச் சோதனை. பாய்லரை விளிம்பு வரை பச்சைத் தண்ணீரால் நிரப்பி, மேல் வால்வைத் திறந்து காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் வெளியேற்றிவிட்டு மூடுங்கள். கைப்பம்பால் மெல்ல அழுத்தம் ஏற்றுங்கள். ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பது பிரிட்டனில் இந்தக் கலையில் ஊறியவர்களின் வழக்கம். அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். வெல்டிங் தையல் நெடுகக் காய்ந்த துணியால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் அங்கே கசிவு. தையல் விட்டாலும் தண்ணீர் பீச்சி அடங்கிவிடும், ஆபத்து குறைவு. பங்க்சர் கடைப் பழக்கத்தில் கம்பிரசர் காற்றை ஏற்றிச் சோதிக்கவே கூடாது. அழுத்திவைத்த காற்று, தையல் விட்டால் தகட்டோடு பறக்கும்.

நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. கடற்கரை ஓரம் என்பதால் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். இட்லிப் பானை அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் பாய்லர் குழாயின் மேலும் ஏறும். படிவு ஏற ஏற இரும்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. இரும்பே வெந்து மெலியும். போலகத்தில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையத்திலும் எரிவாயு டர்பைனோடு நீராவியால் சுற்றும் ஒரு டர்பைனும் உண்டு. அத்தகைய நிலையங்களில் பாய்லருக்குள் போகும் தண்ணீரை முதலில் சுத்திகரித்துத்தான் விடுவார்கள். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸை, ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் திறந்து ஊதிவிட்டு, தண்ணீர் சட்டென்று ஏறி நிற்கிறதா பாருங்கள். மெல்ல ஏறினால் வழி அடைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் மட்டம் பொய். ஒன்று பழுதானாலும் காக்க சேஃப்டி வால்வு இரண்டு வையுங்கள்.

பாய்லரைப் பட்டறையில் செய்யக் கொடுப்பவர்கள் துண்டுச் சீட்டோடு திரும்பிவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. பில், தகட்டின் தரச் சான்று, வெல்டரின் சான்று, சோதனை நடந்த தேதி, ஏற்றிய அழுத்தம் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். குறைபாடுள்ள பொருளால் காயமோ சேதமோ நேர்ந்தால், 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செய்தவரையே பொறுப்பாக்குகிறது. இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றும் ரயிலில் அடிபட்டால், ஏறிய பிள்ளைக்கும் இதே உரிமை உண்டு. ஓட்டியவரின் கவனக்குறைவால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு பாயும். பக்கத்து வீட்டுக்காரர் பயந்தால், 25 லிட்டரைத் தாண்டிய பாய்லர் என்றால் பாய்லர் ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். பொதுத் தொல்லை என்று நிர்வாக நடுவரிடமும் போகலாம்.

காரைக்காலுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இங்கே பதிவான பாய்லரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், முறைப்படி தெரிவிக்கும் வரை அங்கே ஓட்டக் கூடாது. வாஞ்சூர் தாண்டினால் நாகூர், அது தமிழ்நாடு. திருவிழாவுக்கு எஞ்சினை வண்டியில் ஏற்றுமுன் சான்றிதழ் நகலோடு இரண்டு பக்கத்து ஆய்வு அலுவலகங்களுக்கும் கடிதம் போட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.