நைட்ரஜன் ஏற்றிய உயிர்க்கரி: பட்டுக்கோட்டைத் தென்னைக்கழிவும் ஒரு கலைச்சொல் சிக்கலும்

2018 நவம்பர் 16ஆம் நாள் கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னைகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. விழுந்த மரங்களை அகற்றுவதே அன்று பெரும்பாடாயிற்று. புயல் இல்லாத ஆண்டுகளிலும் கொட்டாங்குச்சி, மட்டை, பாளை, நெல் உமி ஆகியன இப்பகுதியில் குவிந்துகொண்டேயிருக்கின்றன. இவற்றை வெறுமனே எரித்தால் இவற்றிலுள்ள கார்பன் கரியமில வாயுவாக வளிமண்டலத்துக்குத் திரும்பிவிடும். காற்று மிகக் குறைந்த கலத்தில் 400 முதல் 700 பாகை செல்சியசு வரை சுட்டாலோ அதில் ஒரு பகுதி கரியாக நிலைக்கும். இதுவே உயிர்க்கரி. கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் பொருளாக இக்கரி மாறுவதையும், அதனைத் தமிழில் சொல்லும்போது எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கரி வாயுவைப் பிடிப்பதை 'உறிஞ்சுதல்' என எழுதுவது பிழை. உறிஞ்சுதலில் வாயு பொருளின் உள்ளே கரைந்து பரவும். இங்கோ நுண்துளைகளின் சுவரில் மட்டும் ஒட்டுகிறது. எனவே 'பரப்புக் கவர்தல்' என்பதே பொருந்தும். கரியமில வாயு மூலக்கூற்றின் குறுக்களவு ஏறத்தாழ 0.33 நானோமீட்டர். துளை ஒரு நானோமீட்டருக்கும் குறுகலாக இருந்தால் எதிரெதிர்ச் சுவர்களின் ஈர்ப்பும் ஒருங்கே அதன்மேல் செயற்படும். சாதாரண உயிர்க்கரியில் இத்தகைய துளைகள் குறைவு. ஆகவே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்றவற்றைச் சேர்த்து மீண்டும் சூடாக்கித் துளைகளைப் பெருக்குகின்றனர்.

நைட்ரஜனுக்கு வரும் வாயில் பெரும்பாலும் யூரியாவே. உழவர் அறிந்த அதே யூரியாதான். கரியுடன் கலந்து சூடாக்கும்போது, கார்பன் வளையங்களில் சில இடங்களை நைட்ரஜன் அணுக்கள் பிடிக்கின்றன. அவை காரத்தன்மை உடையவை. கரியமில வாயுவோ அமிலத்தன்மை உடையது. இவ்வகைக் கரிகளுள் சிறந்தவை 25 பாகை வெப்பத்தில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், கிராமுக்கு 4 முதல் 5 மில்லிமோல், அதாவது 176 முதல் 220 மில்லிகிராம் வாயுவை ஏற்கின்றன. ஆயினும் இதற்கு நைட்ரஜன் காரணமா, குறுந்துளை காரணமா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. துளையே முதன்மையானது என்பாரின் வாதம் எனக்கு வலுவாகப் படுகிறது. நைட்ரஜன் ஏற்றும் செய்முறையே துளையமைப்பையும் மாற்றிவிடுவதால் இரண்டையும் பிரித்தறிதல் எளிதன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். நம் இயற்பியல் பாடநூல்கள் குறைகடத்தியில் பிற அணுவைச் சேர்ப்பதை 'மாசூட்டல்' என்கின்றன. அங்கே சேர்க்கப்படும் அளவு மிகமிக நுண்ணியது. தூய படிகத்தை நோக்க அது மாசே. உயிர்க்கரியிலோ நைட்ரஜன் எடையில் சில விழுக்காடு வரை சேர்கிறது. மேலும், சுற்றுச்சூழல் பேச்சில் 'மாசு' என்றாலே கேடு என்னும் பொருள் ஊன்றிவிட்டது. மாசகற்றும் பொருளை 'மாசூட்டிய கரி' என்றழைத்தால் வாசகர் தடுமாறுவர். 'நைட்ரஜன் ஏற்றிய' என்பது தெளிவு.

தூத்துக்குடியில் 2016இல் ஒரு காரத் தொழிற்சாலை கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பாக்கத் தொடங்கியது. அங்கே பயன்படுவது கரைப்பான். அதாவது மெய்யாகவே உறிஞ்சுதல். கரைப்பானிலிருந்து வாயுவை விடுவிக்க மிகுந்த வெப்பம் வேண்டும். கரியில் பிணைப்பு மென்மையாதலால் குறைந்த வெப்பமோ அழுத்தக் குறைப்போ போதும். ஆனால் கொதிகலன் புகையில் கரியமில வாயு 10 முதல் 15 விழுக்காடே. நீராவியும் துளைகளுக்குப் போட்டியிடும். மேற்சொன்ன அளவுகள் தூய, உலர்ந்த வாயுவுக்கு உரியன. யூரியா உற்பத்தியிலும் கரியமில வாயு வெளிப்படுவதால், பட்டுக்கோட்டைக் கொட்டாங்குச்சிக் கரியின் பயனைக் கணக்கிடுவோர் அதனையும் கழித்தே காட்ட வேண்டும்.