அழுகைக்குக் கூலி கொடுக்காதீர்கள்!



சேலையூர்க் கடைவீதியில் மிட்டாய் கேட்டுக் குழந்தை தரையில் புரள்கிறது. ஊரார் பார்க்கிறார்களே என்று வாங்கித் தருகிறீர்கள். அழுகை அடங்குகிறது, "அழுதால் கிடைக்கும்" என்ற பாடமோ பதிந்துவிடுகிறது. இதுவே உளவியலார் கூறும் 'வலுவூட்டல்'. பலன் நின்றுபோனால் அச்செயல் மெல்ல மறையும்.

அமெரிக்க உளவியலார் கார்ல் வில்லியம்ஸ் 1959இல் ஒரு 21 மாதக் குழந்தையைப் பற்றி எழுதினார். நோயுற்று நலமடைந்த அக்குழந்தை, உறங்கும்வரை பெரியவர்கள் அருகிருக்காவிட்டால் அலறும். அன்போடு படுக்கவைத்து வெளியேறினார்கள், அழுதபோதும் திரும்பவில்லை. முதல் முறை 45 நிமிடம் அழுதது; பத்தாம் முறை அழவேயில்லை. ஒரு வாரத்திற்குப்பின் அத்தை மனமிரங்கி உள்ளே சென்றார். பழைய அலறல் திரும்பியது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது!

எனவே, பாட்டிமார் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே முடிவில் நில்லுங்கள். அழுகை முதலில் கூடக்கூடும். அப்போது இளகினால், இன்னும் உரக்க அழக் கற்பிக்கிறீர்கள். அமைதியாகக் கேட்டால் உடனே பாராட்டுங்கள். பசி, நோய், அச்சத்தால் எழும் அழுகையைப் புறக்கணிக்காதீர்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு வல்லுநர் துணை தேவை. பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் நிறுவப்பட்டது.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறையேனும் 'சீ' என்று கடிந்ததில்லை. உறுதியோடு அந்தக் கனிவும் நம் இல்லங்களில் நிலவட்டும்!