சாம்பல் பேய்!

வெள்ளை மாளிகைக் கம்பளத்தை நனைத்துவிட்டுப் பதவி இழந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஹெய்டிக்கு அந்தப் பெருமை உண்டு. 1950-களில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் வளர்த்த வைமரானர் நாய். விலையுயர்ந்த கம்பளத்தில் 'ஒன்றுக்கு'ப் போய்விட, நேரே கெட்டிஸ்பர்க் பண்ணை வீட்டுக்கு மாற்றல்! (ஓடி விளையாட எக்கச்சக்க இடம். இப்படி ஒரு பனிஷ்மெண்ட் ட்ரான்ஸ்ஃபர் நமக்கெல்லாம் கிடைக்குமா ஸார்?)

ஜெர்மனியில் வைமர் நகரத்தின் பெயரைச் சுமக்கும் ஜாதி. மகாகவி கதே மந்திரியாக இருந்த ஊர். அந்த ஊர்ப் பிரபு கார்ல் ஆகஸ்ட்தான் இந்த நாயை உருவாக்கினார் என்பார்கள். ஆதாரம் கேட்டால் மழுப்புவார்கள். உடம்பு முழுக்க எலி நிறம். குட்டியில் நீலக் கண், வளர்ந்ததும் தேன் நிறம். செல்லப் பெயர் 'சாம்பல் பேய்'.

முதலில் மான், காட்டுப்பன்றி வேட்டை. பிறகு பறவை. புதருக்குள் பறவை வாசனை அடித்தால் இது குரைக்காது, பாயாது. அப்படியே சிலையாக நின்றுவிடும். ஒரு முன்னங்கால் மடங்கியிருக்க, மூக்கு மட்டும் அம்புக்குறி மாதிரி 'அதோ' என்று காட்டும். துப்பாக்கிக்காரர் வந்து சேரும் வரை அசையாது. சுட்டு விழுந்த பறவையைக் கவ்வி வருவதும் அதே நாய்தான்.

இப்பேர்ப்பட்ட சரக்கை ஜெர்மன்காரர்கள் சும்மா விடுவார்களா? 1897-ல் சங்கம் வைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். 1929-ல் ஹோவர்ட் நைட் என்ற அமெரிக்கர் சங்கத்திலேயே உறுப்பினராகி இரண்டு நாய் வாங்கினார். ஊருக்குக் கொண்டு போய்ப் பார்த்தால்... இரண்டுக்கும் கு.க. ஆபரேஷன் ஆகியிருந்தது! மனுஷர் அசரவில்லை. 1938-ல்தான் குட்டி போடக்கூடிய நாய்கள் அவர் கைக்கு வந்தன. யுத்தம் முடிந்து அமெரிக்காவில் கிராக்கி ஏறியது. கண்டபடி குட்டி போட வைத்து விற்றதில் தரம் இறங்கியதும் அப்போதுதான்.

வில்லியம் வெக்மன் என்ற கலைஞர் தன் வைமரானரை விதவிதமாகப் படம் எடுத்தார். நாயின் பெயர் மான் ரே. 1982-ல் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை அதைத்தான் 'ஆண்டின் சிறந்த மனிதர்' என்றது!

அந்தப் படங்களைப் பார்த்துத்தான் என் பாங்க் நண்பருக்கு ஆசை வந்தது.

"தனியா விட்டா தாங்காதுப்பா. கதவைப் பிராண்டும், சோபாவைக் கடிச்சுக் குதறும். தினம் மணிக்கணக்கா ஓடணும். நீ எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

"எட்டு."

"திரும்பறது?"

"ராத்திரி எட்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மீன் தொட்டி என்ன விலைப்பா இருக்கும்?" என்றார்.