ஃபியூஸ் யாரைக் காப்பாத்துது? வீட்டிலேயே கட்டும் விமானங்களின் வயரிங் கதை

இன்னைக்கு எபிசோடுல விமானம் பத்திப் பேசப் போறேன். போயிங், ஏர்பஸ் மாதிரி பெரிய சமாச்சாரம் இல்லை. கார் ஷெட்டுல ஒருத்தர் தன் கையாலேயே கட்டுற ரெண்டு சீட்டு, நாலு சீட்டு விமானம்.

“அப்படியெல்லாம் கட்ட விடுவாங்களா?”ன்னு கேட்டா, அமெரிக்காவுல விடுறாங்க. அதற்கென்றே தனி வகை உண்டு. வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்கள் செய்திருக்க வேண்டும், அதுவும் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ. இதைத்தான் ‘51 சதவீத விதி’ என்கிறார்கள். 1953-இல் தொடங்கிய இஏஏ என்ற அமைப்பு இவர்களுடைய சங்கம். ஒவ்வொரு வருஷமும் ஜூலையில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் ஊர்ல அது நடத்துற விழாவுக்கு, தாங்களே கட்டின விமானத்துல பறந்து வர்றவங்க ஏராளம்.

இறக்கை, உடம்பு எல்லாம் கிட்டா வாங்கிடலாம். ரிவெட் அடிக்க வேண்டிய ஓட்டைகூட போட்டே வரும். வயரிங்லதான் கட்டுறவரோட இஷ்டம் அதிகம். எந்தத் திரை, எந்த ரேடியோ, எந்த விளக்குன்னு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி வைப்பாங்க. அதனால கேள்விகளும் அங்கேதான் குவியும்.

நான் படிச்சுப் பார்த்த வரைக்கும், அதுல முக்கால்வாசியை ரெண்டே கேள்வியில அடக்கிடலாம். இந்த வயர் உலோக உடம்புல உரசினா என்ன ஆகும்? இந்த வயர் அறுந்தா என்ன ஆகும்? கார்ல ஏதாவது ஆச்சுன்னா ஓரமா நிறுத்திட்டு யோசிக்கலாம். 5,000 அடி உயரத்துல ஓரம்னு ஒண்ணு கிடையாது. அதனால பதிலைத் தரையில இருக்கும்போதே கண்டுபிடிச்சு வச்சுக்கணும்.

உரசினா என்ன ஆகும்?

பெரும்பாலான உலோக விமானங்களில் பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் விமானத்தின் உடம்போடு சேர்ந்திருக்கும். அதனால் உறை தேய்ந்த வயர் உடம்பைத் தொட்டாலே ஷார்ட். அதுக்குத்தான் ஃபியூஸ். சரி, ஃபியூஸ் யாரைக் காப்பாத்துது? “ரேடியோவை”ன்னு நீங்க சொன்னா, நிறைய பேர் சொல்ற அதே பதிலைத்தான் சொல்றீங்க. உண்மையில அது காப்பாத்துறது வயரை. ரேடியோவுக்குள்ள ஏதாவது கெட்டா, ஃபியூஸ் போறதுக்கு முன்னாடியே ரேடியோ போயிருக்கும். ஷார்ட் ஆன வயர் பழுத்து, உறை எரிந்து, பக்கத்தில் கட்டியிருக்கும் மற்ற வயர்களையும் பற்ற வைக்காமல் தடுப்பதுதான் ஃபியூஸின் வேலை.

அதனால ஃபியூஸோட அளவை வயரோட தடிமன்தான் முடிவு பண்ணும். அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏவின் கையேட்டுப் பட்டியல்படி 22 கேஜ் செம்பு வயருக்கு 5 ஆம்பியர் பிரேக்கர், 20 கேஜுக்கு 7.5, 18 கேஜுக்கு 10. கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும், அதை மறந்துடாதீங்க. நம்ம வீடுகள்ல “பீஸ் அடிக்கடி போகுதே”ன்னு தடிமனான கம்பியாப் பார்த்துச் சுத்தி விடுவாங்களே, அதை விமானத்துல செஞ்சா, அடுத்த ஷார்ட்ல பீஸ் கம்பி அப்படியே நிக்கும், வயர் உருகிடும்.

சூடு மட்டும் இல்ல, இன்னொரு கணக்கும் உண்டு. 22 கேஜ் வயருக்கு 1,000 அடிக்கு சுமார் 16 ஓம் மின்தடை. இறக்கை நுனி விளக்குக்கு 10 அடி வயர், 5 ஆம்பியர்னு வச்சுக்கோங்க. 0.16 ஓம் பெருக்கல் 5, அதாவது 0.8 வோல்ட் வழியிலேயே போயிடும். 14 வோல்ட் விமானத்தில் தொடர்ந்து ஓடும் கருவிக்கு அரை வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது என்பது அதே கையேட்டின் வரம்பு. 20 கேஜ் போட்டா இழப்பு கிட்டத்தட்ட அந்த அரை வோல்ட்டுக்கு வந்துடும்.

சரி, பறக்கும்போது பிரேக்கர் விழுந்துட்டா? திரும்ப அழுத்திடலாமா? இதுக்கு ஒரு நிஜக் கதை இருக்கு. 2007 ஜூலை, புளோரிடா. விமானம் வீட்டில் கட்டியது அல்ல, செஸ்னா 310 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானம். முதல் நாள் ஓட்டிய பைலட், பறக்கும்போது வானிலை ரேடார் அணைந்து, கருகல் வாசனை வருவதைக் கவனித்தார். ரேடாரின் பிரேக்கரை இழுத்துவிட்டதும் வாசனை நின்றது. இறங்கியதும் அதை எழுதியும் கொடுத்தார். யாரும் பழுது பார்க்கவில்லை.

மறுநாள், ஜூலை 10. அதே விமானம் வேறு பைலட்டோடு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் உள்ளே புகை. சான்ஃபோர்ட் விமான நிலையத்தில் அவசரமாக இறங்கத் திரும்பியவர்களால் ஓடுபாதையை எட்ட முடியவில்லை. விமானம் வீடுகள் மேல் விழுந்தது. விமானத்தில் 2 பேர், தரையில் 3 பேர் இறந்தார்கள். தெரிந்த பழுதோடு பறக்க விட்டதுதான் காரணம் என்றது விசாரணை. அந்த பிரேக்கரை யாரோ திரும்ப உள்ளே அழுத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னது.

அதனாலதான் இன்னைக்கு பைலட்டுகளுக்குச் சொல்றது இது: விழுந்த பிரேக்கரை வானத்துல தொடாதே. பாதுகாப்பா இறங்க அந்தக் கருவி கட்டாயம் வேணும்னா, ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணு.

அறுந்தா என்ன ஆகும்?

வீட்ல சுவிட்ச் வயர் அறுந்தா லைட் எரியாது. விமானத்துல இதுக்கு நேர் எதிரா ஒரு வயர் இருக்கு. சிறு விமான பிஸ்டன் எஞ்சின் பலவற்றில் தீப்பொறியைத் தருவது மேக்னெட்டோ. அது சுற்றும்போது தானே மின்சாரம் செய்துகொள்ளும், பேட்டரி வேண்டாம். அதை நிறுத்த வேண்டுமானால் ‘பி-லீட்’ என்ற வயர் வழியாக அதை உடம்போடு இணைக்க வேண்டும். அதாவது சுவிட்சை ஆஃப் பண்றதுன்னா, இங்க ஒரு இணைப்பை உண்டாக்குறது.

இப்ப அந்த வயர் அறுந்துட்டா? சுவிட்ச் ஆஃப்ல இருக்கும், சாவி உங்க பாக்கெட்ல இருக்கும், மேக்னெட்டோ மட்டும் ரெடியா இருக்கும். யாராவது புரொப்பல்லரைக் கையால கொஞ்சம் தள்ளினாலே எஞ்சின் உதறி எழலாம். இப்படிக் கை போனவங்க, உயிர் போனவங்க இருக்காங்க. புரொப்பல்லர் பக்கத்துல போறவங்க எப்பவுமே அது சுத்தப் போகுதுன்னு நினைச்சே நடக்கணும்னு சொல்றது அதனாலதான். அதே வயர் உடம்புல உரசினா அந்த மேக்னெட்டோ நின்னுடும். அதுக்காகத்தான் எஞ்சினுக்கு ரெண்டு மேக்னெட்டோ.

இப்ப நிறைய பேர் மேக்னெட்டோவுக்குப் பதிலா எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறாங்க. கரண்ட் போனா இதுல பல வகை நின்னுடும். ஆல்டர்னேட்டர் செத்தா பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும்ங்கிறது எஞ்சினோட ஆயுள் கேள்வியாயிடுது. ‘ஏரோஎலக்ட்ரிக் கனெக்‌ஷன்’ எழுதிய பாப் நக்கல்ஸ் ‘எண்டூரன்ஸ் பஸ்’ என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான். இறங்கும்வரை தேவைப்படும் கருவிகளை மட்டும் தனியாகப் பிரித்து, பேட்டரியிலிருந்து அவற்றுக்கு இரண்டாவது பாதை கொடுப்பது அது.

கடைசியா கைவேலை. கார் கடையில கிடைக்கிற பிவிசி வயர் எரிஞ்சா அடர்த்தியான நச்சுப் புகை வரும், அதனால விமானத்துக்கு 150 டிகிரி தாங்குற டெஃப்செல் உறை வயர். முனைகளைப் பெரும்பாலும் கிரிம்ப் பண்றாங்க. சோல்டர் இழைகளுக்குள்ள ஊறி, அது நின்ன இடத்துல வயர் விறைச்சுடும், தாங்கு இல்லைன்னா அதிர்வுல அங்கேயே முறியும். தகட்டு ஓட்டை வழியா வயர் போனா ரப்பர் வளையம் கட்டாயம்.

இவ்வளவும் செஞ்சவர் ஒருநாள் விமானத்தை வித்துடுவார். வாங்கினவர் பேனலுக்குக் கீழ படுத்துப் பார்த்தா ஒரே நிறத்துல நூறு வெள்ளை வயர். தொழிற்சாலை விமானத்துக்கு இருக்கிற மாதிரி சர்வீஸ் புத்தகம் இதுக்குக் கிடையாது, இந்த வயரிங் உலகத்துலயே இது ஒண்ணுலதான் இருக்கு. எந்த வயர் எங்கே போகுது, எத்தனை கேஜ், எந்த ஃபியூஸ்னு ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டு வரைஞ்சு விமானத்தோடயே வச்சிருந்தார்னா, அந்த ரெண்டு கேள்வியையும் புது ஆள் அவர் இல்லாமலே கேட்டுப் பார்த்துக்கலாம். அந்த வரைபடத்தையும் நான் வயரிங் வேலையிலேயே சேர்ப்பேன்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.